ராஜாக்கள் பள்ளத்தாக்கில் சொதி

கால்ல இடிக்கா அண்ணாச்சி? கொஞ்சம் நகத்தி வெச்சுக்கிடுதேன். தூக்குச்சட்டிதான், உள்ள தேங்காப்பால் சொதி. ஆட்டக் கூடாது. அதான் மடியிலயும் வைக்காம, மேலயும் வைக்காம, ரெண்டு காலுக்கு நடுவுல அணைச்சு வெச்சிருக்கேன். டிரைவர் நிதானமா ஓட்டுனா ஒண்ணும் ஆகாது. இவன் பேட்டை தாண்டுறதுக்குள்ள மூணு தடவை பிரேக்கைப் போட்டுட்டான்.

பையில இருக்க படத்தையா பாக்கிய? பிரமிடுதான். எங்க டூர் கம்பெனி குடுத்த பை. எகிப்துக்கு நான் ஆறு தடவை போயிருக்கேன். ஆறு தடவையும் பிரமிடு பக்கத்துல போகல. என்ன சிரிக்கிய? மத்தியானத்துக்குப் பருப்பு வேகணும்லா. எல்லாரும் பிரமிடு பாக்கக் கிளம்புற நேரமும் எனக்கு குக்கர் விசில் அடிக்கிற நேரமும் ஒண்ணு. ஹோட்டல் மாடி சன்னல்ல நின்னா ஒரு நுனி தெரியும். போதும். மீதிக்கும் அதே கல்லுதானே.

நான் சமையல் ஆளு. பேரு குத்தாலிங்கம், குத்தாலம்னு கூப்பிடுவாக. நம்ம பக்கத்து ஜனங்களைக் காசிக்குக் கூட்டிட்டுப் போய்க்கிட்டிருந்த கம்பெனிதான் அது, இப்போ வெளிநாட்டுக்கும் கூட்டிட்டுப் போகுது. நோட்டீஸ்ல பிரமிடு சின்னதாத்தான் இருக்கும். அதுக்குக் கீழ 'நம்மூர் சமையல்காரர் உடன் வருவார்'னு பெருசா போட்டிருக்கும். ஜனங்க அதைப் பாத்துத்தான் பேரு குடுக்கும். மூவாயிரம் வருஷத்துக் கோயிலைப் பாத்துட்டு வந்து, ரசத்துல பெருங்காயம் தூக்கலா இருக்கேன்னு கேக்கும். நான் குத்தம் சொல்லல. வயிறுன்னு ஒண்ணு இருக்குல்லா.

அங்க போயும் நம்ம ஆளுக நம்ம ஆளுகதான். ரெண்டு பேர் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு பிரமிடை வலம் வந்திருக்காக. பாதியில கைடு பஸ்ஸுக்குக் கூப்பிட்டுட்டான். சுத்து முடியலையேன்னு ராத்திரி சாப்பாடு வரைக்கும் அவுகளுக்கு மனசு ஆறல.

போன வருஷம் பங்குனி கடைசியில போனதுதான் ஆறாவது தடவை. அதைத்தான் சொல்ல வந்தேன். அம்பாசமுத்திரம் வரைக்கும் வருவியள்லா? அப்போ நேரம் இருக்கு.

அதுக்கு முன்னாடி எங்க அண்ணனைப் பத்திச் சொல்லிருதேன். பிரமநாயகம்னு பேரு. விக்கிரமசிங்கபுரத்துல வீடு. எனக்கும் அவனுக்கும் பதினாறு வருஷம் பேச்சு கிடையாது. அதுல எனக்கு வருத்தமும் கிடையாது, அதை முதல்லயே சொல்லிருதேன்.

ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கல்யாண வீடுகளுக்குச் சமைச்சுக்கிட்டிருந்தோம். சாம்பார், கூட்டு, பாயாசம் எல்லாம் அவன். மறுவீட்டுக்குச் சொதி மட்டும் நான். திருநவேலிக்காரனுக்கு மறுவீட்டுச் சொதி எப்படின்னு உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு நாள் தென்காசியில ஒரு மறுவீடு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரதுக்கு மூணு மணி நேரம் தாமதம். நான் இறக்கி மூடி வெச்சிருக்கேன். இலை போட்டாச்சு. எங்க அண்ணன் வந்து மூடியைத் திறந்தான், ஒரு கரண்டி எடுத்துக் கையில ஊத்தி நக்கிப் பாத்தான். அப்புறம் அந்த அண்டாவை ரெண்டு கையாலயும் தூக்கி, இருநூறு பேர் பாக்க, வாய்க்கால்ல கொட்டினான். தேங்காப்பால் திரிஞ்சு போச்சாம்.

"என் தம்பி வெச்ச சொதி திரிஞ்சு போய் இலைக்குப் போகக் கூடாது"ன்னு சத்தமாச் சொன்னான். எப்படி இருக்கும் எனக்கு? நீங்களே சொல்லுங்க. அத்தனை பேருக்கு முன்னால கேவலப்படுத்திட்டான். அன்னைக்கு அங்கிருந்து நடந்தவன்தான். சொதி வைக்கிறதையும் விட்டேன். டூர்ல எத்தனையோ பேர் கேட்டிருக்காக. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருவேன்.

இத்தனைக்கும் அன்னைக்குச் சொதி திரியல அண்ணாச்சி. அதை நான் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன்.

சரி, போன வருஷத்துக்கு வாரேன். லக்சர்னு ஒரு ஊரு. நைல் நதி நடுவுல ஓடும், ஒரு கரையில கோயிலுக, மறுகரையில மலை. காலையில அஞ்சு மணி, நம்மூருக்கு எட்டரை. நான் இட்லிக்குத் தட்டுல மாவு ஊத்திக்கிட்டிருக்கேன். மதினி போன் பண்ணுதாக. பதினாறு வருஷத்துல அவுக போன் பண்ணினது அதான் முதல் தடவை. எடுக்கும்போதே தெரிஞ்சு போச்சு.

"உங்க அண்ணன் போயிட்டாக. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு. நீங்க வந்துதான் கொள்ளி வைக்கணும்"னாக.

எங்க அண்ணனுக்குப் பிள்ளை இல்ல. பெண்ணும் இல்ல. நான் ஒரே தம்பி. அப்போ நான்தான் வைக்கணும், அது முறை. ஆனா நான் எங்க இருக்கேன்? முப்பத்திரெண்டு பேருக்கு இட்லி ஊத்திக்கிட்டு எகிப்துல இருக்கேன். பிளேன் மாறி மாறி வந்து சேர எத்தனை நாளோ. "நான் வர முடியாது மதினி, காத்திருக்க வேண்டாம், எடுத்திருங்க"ன்னேன். அவுக போனை வெச்சுட்டாக.

நான் இட்லியை அடுப்புல ஏத்தினேன்.

இப்போ ஒரு விஷயம். அண்ணன் செத்தா தம்பிக்குப் பதினாறு நாள் தீட்டு. அந்தக் கையால அடுத்தவுகளுக்குச் சமைக்கக் கூடாது. சொன்னேன்னு வைங்க, முப்பத்திரெண்டு பேரும் அன்னைல இருந்து பட்டினி. அங்க ரொட்டியைப் பாத்தாலே முகத்தைச் சுளிக்கிறவுக. அதுக்காகத்தான் சொல்லல. வேற ஒண்ணும் இல்ல. மேனேஜர் ஜெபராஜுக்குக்கூடச் சொல்லல. சொன்னா ஊருக்கு அனுப்பிருவான்லா.

இட்லியைச் சாப்பிட்டாக. நல்லா இருக்குன்னாக. மத்தியானத்துக்கு என்ன வைக்கலாம்னு நின்னேன். தேங்காப்பால் டின் ஆறு கிடந்துச்சு. பாசிப்பருப்பு வெந்திருந்துச்சு. முருங்கைக்காய் துபாய்ல வாங்கினது இருந்துச்சு. கை பாட்டுக்கு இஞ்சியைத் தட்டுது, பச்சமிளகாயைக் கீறுது. கடைசியில பாத்தா சொதி வெச்சிருக்கேன். ஏன் வெச்சேன்னு என்கிட்டக் கேக்காதீங்க. இருந்த சாமானுக்கு அதுதான் தோதா வந்துச்சு.

அன்னைக்கு ராஜாக்கள் பள்ளத்தாக்குன்னு ஒரு இடம். ஹோட்டலுக்குத் திரும்பி வர நேரம் ஆகும்னு சாப்பாட்டை அங்கேயே கொண்டு போகச் சொல்லிட்டான் ஜெபராஜ். சாதம், சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், தயிர். எல்லாத்தையும் ஹாட்பாக்ஸ்ல அடைச்சு வேன்ல ஏத்திக்கிட்டு நானும் போனேன். வெறும் மலை. ஒரு புல்லு கிடையாது. மலைக்குள்ள குடைஞ்சு குடைஞ்சு வாசல் வெச்சிருக்கான். எல்லாரும் உள்ள போனாக. நான் பந்தல் நிழல்ல பாத்திரத்துக்குக் காவல் இருந்தேன்.

மங்கையர்க்கரசி டீச்சர்னு ஒருத்தி வந்திருந்தா. பாளையங்கோட்டைக்காரி, ரிட்டயர்டு. அந்தக் கூட்டத்துக்கே அவதான் தலைவி மாதிரி, அவ குடைய விரிச்சா பத்துக் குடை விரியும். பன்னெண்டரை மணிக்கு முதல்ல வெளிய வந்தவ அவதான். சுவரெல்லாம் என்ன வர்ணம் குத்தாலம், நேத்து அடிச்ச மாதிரி இருக்கு, அந்தக் காலத்து ராஜாக்கள் பூமிக்குக் கீழ அரண்மனை கட்டியிருக்காகன்னு சந்தோஷமாச் சொன்னா. அப்புறம், "கடைசியாப் போன அறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு பையன் கிடக்கானே, அது மெழுகு பொம்மையா?"ன்னா.

"பொம்மை இல்ல டீச்சர், பொணம். இது பூரா சுடுகாடுதான். ராஜாக்களைப் புதைச்ச இடம்"னேன். கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அதுல என் தப்பு என்ன இருக்கு? முன்னாடியே விவரமாச் சொல்லாதது ஜெபராஜ் தப்பு.

டீச்சர் அப்போதான் தட்டுக்குக் கையை நீட்டியிருந்தா. நீட்டின கையை இழுத்துக்கிட்டா. இழுத்துக்கிட்டு, பின்னால வந்த எல்லாரையும் நிறுத்திட்டா. சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்து யாராவது குளிக்காமச் சாப்பிடுவாளான்னு கேட்டா. ஒருத்தர் ரெண்டு பேர் தட்டை எடுத்தவுக திருப்பி வெச்சுட்டாக. முப்பத்திரெண்டு பேரும் பந்தல் நிழல்ல, தொட்டுக்கிடாம, தள்ளித் தள்ளி உக்காந்துட்டாக. சாப்பாடு முன்னால மூடிக் கிடக்கு.

ஜெபராஜ் கெஞ்சினான். இது செத்து மூவாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சுன்னான். வருஷம் ஆனா செத்தது இல்லன்னு ஆயிருமான்னு கேட்டா டீச்சர். கூட வந்த வக்கீல் ஒருத்தர், மத்த கல்லறையில எல்லாம் உடம்பை எடுத்து மியூசியத்துக்குக் கொண்டு போயாச்சு, எடுத்த வீட்டுக்குத் தீட்டு குறைவுதானேன்னு ஒரு பாயிண்டைப் போட்டார். அதுக்கு அவர் சம்சாரமே, அந்தப் பையனை இன்னும் எடுக்கலையே, எடுக்காத வீட்டுல இருந்துதானே வாரோம், பச்சத்தண்ணி குடிக்கலாமான்னுட்டா. வக்கீல் உக்காந்துட்டார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. காலையில நான் அவிச்ச இட்லியை மூணு மூணு தின்னவுக இவுகதான். அங்க ஒருத்தரும் தள்ளி உக்காரல.

எங்க கைடு ஹானின்னு ஒரு எகிப்துக்காரன். ஆறு டூர்லயும் அவன்தான். என்கிட்ட 'வாங்க, உக்காருங்க, தயிர்' இந்த மூணையும் கத்துக்கிட்டான். சண்டை முடியட்டும், நீ வா, ஒரு நாளும் உள்ள வந்ததில்லையேன்னு கையைப் பிடிச்சான். முட்டு வலின்னு படி இறங்காத ஒருத்தருக்கு எடுத்த சீட்டு கையில இருந்துச்சு. மத்தவுக யோசிக்கணும், எனக்கு என்ன? நான் ஏற்கனவே தீட்டு. போனேன்.

படி இறங்கணும். கீழ சின்ன அறை. அந்தப் பையன் கிடக்கான். கண்ணாடிப் பெட்டி, உள்ள குளிர்ச்சி பண்ணி வெச்சிருக்கானாம். கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி. முகமும் பாதமும் மட்டும் வெளிய. நம்மூர்ல வாடகைக்கு வருமே, அதே பெட்டிதான். தலைமாட்டுல விளக்கு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

இவனை ஏன் இன்னும் எடுக்கலைன்னு கேட்டேன். ஹானிக்கு என் இங்கிலீஷ், எனக்கு அவன் இங்கிலீஷ், ரெண்டும் சேர்ந்து ஒரு மாதிரி ஓடும். பத்தொம்பது வயசு ராஜா, பிள்ளை இல்ல, பிறந்த ரெண்டும் செத்தே பிறந்துச்சுன்னான். அப்போ காரியம் யார் பண்ணினாகன்னு கேட்டேன். சுவரைக் காட்டினான். புலித்தோல் போத்தின ஒரு ஆளு, கையில கொக்கி மாதிரி ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு, செத்தவன் முகத்துக்கு நேரா நீட்டுதான். பிள்ளை இல்லாததால இவன் பண்ணினானாம். என்ன பண்ணுதான்னு கேட்டேன். வாயைத் திறக்கானாம். இதைப் பண்ணினாத்தான் செத்தவன் அங்க போய்ச் சாப்பிடவும் முடியும், பேசவும் முடியுமாம். பண்ணலைன்னா வாய் மூடினது மூடினதுதானாம்.

நம்ம வாய்க்கரிசி மாதிரின்னு நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கல. அங்க மூச்சு விட காத்து பத்தாது, அதனால நெஞ்சு அடைச்சுது. எல்லாருக்கும் அடைக்குமாம், ஹானியே சொன்னான். என் கையைப் பிடிச்சு அவன்தான் மேல ஏத்திவிட்டான்.

வீரவநல்லூர் வந்துட்டுதா? சரி சரி, சுருக்கிச் சொல்லுதேன்.

வெளிய வந்தா, குளிச்சாத்தான் சாப்பாடுன்னு முடிவாயிருக்கு. எல்லாரையும் பஸ்ல ஏத்தி ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டு வந்தான் ஜெபராஜ். தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது, ஏதோ பூச்சி இருக்குன்னு ஹானி காலுல விழாத குறை. பக்கத்துல ஒரு ஓட்டல் தோட்டத்துல குழாய் இருந்துச்சு. என் ரசச் சட்டியை வாங்கி, உடுத்தின துணியோட ஆளாளுக்குத் தலையில மொண்டு ஊத்திக்கிட்டாக. முப்பத்திரெண்டு பேரும் முடிக்க நாலு மணி ஆயிட்டு. ஓட்டல்காரன் படம் எடுத்தான்.

அப்புறம் வரிசையா வந்து, ஈரத்துணியோட தட்டை ஏந்திக்கிட்டு நின்னாக. ஹாட்பாக்ஸைத் திறந்தேன். முதல்ல சாதம். அப்புறம் சொதி.

திறந்ததும் தெரிஞ்சு போச்சு. மேல தண்ணி தனியா, பால் தனியா, மணல் மாதிரி துகளா நிக்கி. ஒரு கரண்டி எடுத்துக் கையில ஊத்தி நக்கிப் பாத்தேன். சூட்டோட மூடி வெச்சா தேங்காப்பால் எத்தனை மணி நேரம்தான் தாங்கும்? பசியில நிக்கிற ஜனம், கலக்கி ஊத்தினா தெரியாமத் தின்னுரும். அந்தப் பாத்திரத்தை ரெண்டு கையாலயும் தூக்கினேன். முப்பத்திரெண்டு பேர் பாக்க, மண்ணுல கொட்டிட்டேன்.

டீச்சருக்கு வந்த கோபத்தைப் பாக்கணும். குளிச்சிட்டு வந்து நிக்கிறவங்களுக்கு முன்னால என்ன திமிர்னு கேட்டா. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொதி திரிஞ்சிட்டு டீச்சர்னுதான் சொல்ல வந்தேன். "எங்க அண்ணன் செத்துட்டான் டீச்சர்"னு வந்துட்டு. எப்போன்னா. காலையிலன்னேன்.

 காலையிலன்னா இட்லிக்கு முன்னாடியா பின்னாடியான்னு எல்லாரும் மனசுக்குள்ள கணக்குப் போடுறது எனக்குத் தெரியுது. கையில இருந்த தட்டைக் கீழ வைக்கப் போறாக, அதோட என் சமையல் பொழப்பு முடிஞ்சுதுன்னு நின்னேன்.

டீச்சர் குடையை மடக்கி வெச்சா. "உக்காரும் குத்தாலம்"னா. அந்தக் குழாயடியிலயே உக்காந்தேன். ரசச் சட்டியில மொண்டு, அவ கையாலயே என் தலையில மூணு சட்டி ஊத்தினா. "யாரு கொள்ளி வைக்கணும்?"னு கேட்டா. நான்தான்னேன். "பின்ன இங்க என்னத்துக்கு நிக்கேரு? எங்களுக்குத் தயிர் இருக்கு. கெளம்பும்"னா. சாவுக்குப் போகையில போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாதுல்லா, அதனால நானும் சொல்லல. அவளும் தலையத் திருப்பிக்கிட்டா. ஜெபராஜ் டிக்கெட்டுக்கு அலைய ஆரம்பிச்சுட்டான்.

கெய்ரோ வந்து, துபாய் வந்து, திருவனந்தபுரம் வந்து, அங்கிருந்து கார்ல வந்து சேர மூணாம் நாள் மத்தியானம். எடுக்கச் சொல்லிட்டேன், எடுத்திருப்பாக, சாம்பலைத்தான் கரைக்கணும்னு நினைச்சுக்கிட்டு வந்தேன். தெரு முக்குல திரும்பினா பந்தல் அப்படியே நிக்கி. ஐஸ் பெட்டி ஓடுற சத்தம் வாசல்ல கேக்கு.

மதினிகிட்ட, நான்தான் எடுக்கச் சொன்னேனே, என்னத்துக்கு வெச்சிய, ஊருல கோபப்பட மாட்டாகளான்னு கேட்டேன். கோபப்பட்டாகதான்னாக. "உங்க அண்ணன் என்கிட்ட ஒண்ணுதான் சொல்லியிருந்தாக. தம்பி முதல்ல வர மாட்டேன்னுதான் சொல்லுவான், நீ வெச்சிருன்னு"ன்னாக.

அவனுக்கு எப்பவும் அப்படித்தான். எனக்கு என்ன தோணும்னு எனக்கு முன்னால அவனே முடிவு பண்ணிருவான். அது எனக்குப் பிடிக்காது.

பெட்டியைத் திறந்தாக. வாய்க்கரிசி போடச் சொன்னாக. வாயை இறுக்கித்தான் மூடியிருந்தான். கையில அரிசியோட நின்னேன். அந்தச் சுவத்துல நின்ன புலித்தோல் ஆளு ஞாபகம் வந்துட்டு. ஏதாவது பேசணும், பேசினாத்தான் திறக்கும்னு ஒரு இது. பதினாறு வருஷம் கழிச்சு என்ன பேச? "அன்னைக்குச் சொதி திரியல அண்ணே"ன்னேன். அதைத்தான் சொல்ல வந்துச்சு. சுத்தி நின்னவுக அழுதாக. நான் அழல. ரெண்டு நாள் தூக்கம் இல்லல்லா, கண்ணு அதனால எரிஞ்சுது. எரிஞ்சது இன்னும் முழுசா நிக்கல, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டணும்.

இன்னைக்குத் தலைத்திவசம். பாபநாசத்துல ஆத்துல முழுகிட்டு, வீட்டுல இலை போட்டுப் படைக்கணும். மத்ததெல்லாம் மதினி சமைக்காக. சொதி மட்டும் நீங்க வெச்சுக் கொண்டு வாங்கன்னுட்டாக. அங்க வந்து அவுக அடுப்புல வைக்கேன்னேன். வேண்டாம், உங்க வீட்டுல வெச்சே கொண்டு வாங்க, உங்க அண்ணன் அப்படித்தான் கேப்பாகன்னாக. ரெண்டு மணி நேரம் பஸ்ஸு, வெயிலு, இந்த டிரைவரு. தாங்குமா தாங்காதான்னு அவுகளுக்கு என்ன தெரியும்?

அம்பாசமுத்திரம் வந்துட்டு அண்ணாச்சி, நீங்க இறங்கணும்லா. இறங்குறதுக்கு முன்னாடி ஒரு உபகாரம். இந்த மூடியைத் திறந்து ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க. நான் பாக்க மாட்டேன். தண்ணி தனியா நிக்கா? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். திரிஞ்சிருந்தா அடுத்த பாலத்துலயே கொட்டிருதேன். பாத்துக்கிட்டு இருக்கிறவுக பாக்கட்டும். எங்க அண்ணன் இலைக்குத் திரிஞ்ச சொதி போகக் கூடாது.